நோய் வராதவர்களைத் தேடி

1911ஆம் ஆண்டு. மலாயாவின் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் தோட்டங்களில் கணக்கில் இருந்த தொழிலாளர்கள் 143,614 பேர். அந்த ஓராண்டில் இறந்தவர்கள் 9,040 பேர். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 63 சாவு. கங்காணிகள் ஊரிலிருந்து கூட்டிவந்தது கிழடுகளையும் நோயாளிகளையும் அல்ல, மண்வெட்டி பிடிக்கத் தெம்புள்ள ஆள்களை. அவர்களில்தான் இத்தனை பேர் போனார்கள்.

ஏன் செத்தார்கள் என்பதற்கு அன்று ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. துரைமாரில் பலர் கூலிகளின் அழுக்கையும் சோம்பலையும் காட்டினார்கள். புதிதாகக் கிளறிய மண்ணிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று படித்த மருத்துவர்களே நம்பிய காலம் அது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள்.

கோல சிலாங்கூரின் கடலோரச் சேற்று நிலத்திலிருந்து கிழக்கே பத்தாங் பெர்ஜுந்தை வழியாக உலு சிலாங்கூர் மலையடிவாரம் வரை காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில், அந்த மண் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இடுகாடாகவும் இருந்தது. நோய் எங்கிருந்து வருகிறது, யாரைப் பிடிக்கிறது, ஏன் சிலரை விட்டுவிடுகிறது என்று உலகம் கற்றுக்கொண்ட பாடங்களில் சில இந்தத் தோட்டங்களிலும் இவற்றின் அக்கம்பக்கத்திலும்தான் எழுதப்பட்டன. அந்தப் பாடத்துக்கு இன்று நோய்ப்பரவலியல் என்று பெயர். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு கேள்வி: நோய் யாருக்கு வரவில்லை?

நோயாளி தானாக வருவார், புலம்புவார், படுக்கையில் கிடப்பார், கணக்கில் ஏறுவார். நோய் வராதவர் வேலைக்குப் போய்விடுவார். அவரைத் தேடிப் போய்க் கேட்பவர்தான் விசாரணையாளர். லண்டனின் பிராட் தெருவில் 1854இல் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ இதைத்தான் செய்தார். செத்தவர்கள் வீடுகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி நெருக்கமாக இருந்ததை அவர் வரைபடத்தில் குறித்த கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதைவிட அழகானது இன்னொன்று. குழாய்க்கு அருகிலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 500 பேருக்கு மேல் இருந்தும் ஐந்து பேர்தான் இறந்தார்கள். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பக்கத்து மதுபான ஆலைத் தொழிலாளர்கள் பீர் குடித்ததால் அந்தக் குழாயின் பக்கமே போகவில்லை. அவர்களில் ஒருவரும் சாகவில்லை. குழாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில் தப்பித்தவர்களின் சாட்சியும் உண்டு.

விலா எலும்புக்குக் கீழே

மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். கோல சிலாங்கூருக்குத் தெற்கே அடுத்த மாவட்டம். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் வேலையாள்கள் காய்ச்சலில் வரிசையாகச் சாய்ந்தார்கள். கிள்ளான் நகரமும் துறைமுகமும் சேர்ந்து 1901இல் காய்ச்சல் சாவு மட்டும் 368.

வாட்சன் சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார், சுற்றியிருந்த காட்டை அகற்றினார். 1902இல் காய்ச்சல் சாவு 59. அடுத்த ஆண்டு 46. கணக்கு இத்தோடு நின்றிருந்தால் அது வெறும் தற்பெருமை. அந்த வருஷம் மழை குறைவு, நோய் தானாக ஓய்ந்தது என்று யாரும் சொல்லியிருக்கலாம். வாட்சன் வாய்க்கால் வெட்டாத இடங்களின் கணக்கையும் பக்கத்திலேயே வைத்தார். மாவட்டத்தின் மற்ற பகுதிகளில் காய்ச்சல் சாவு அப்படிக் குறையவில்லை. ஒப்பிட ஒரு கூட்டம் இல்லாமல் எந்த மருந்தும் எந்த வாய்க்காலும் தன்னை நிரூபித்துக்கொள்ள முடியாது.

ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது அவர் லயம் லயமாகப் போனார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இடது விலா எலும்புக்குக் கீழே விரல்களால் அழுத்திப் பார்ப்பார். மலேரியா அடிக்கடி வந்த குழந்தைக்கு மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தட்டுப்படுகிறது என்பதே அந்த லயத்தின் மலேரியாக் கணக்கு. ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம், பெரியவர்கள் வேறு தோட்டங்களில் வாங்கிவந்த காய்ச்சலால் வரும் குழப்பமும் பிள்ளைகளிடம் இல்லை. எந்த லயத்தில் வீக்கம் அதிகம், எதில் இல்லை என்று பார்த்துக்கொண்டே போனதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. சமநிலத்தில், சதுப்புக் காட்டின் ஓரத்தில் இருந்த லயங்களில் வீக்கம். காடு தள்ளிப்போய் நீர் வடிந்த லயங்களில் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். நிழலான காட்டு நீரில் முட்டையிடும் ஒரு கொசு இனம்தான் காரணம். காட்டை வெட்டு, வாய்க்கால் போடு, வெயில் விழட்டும் என்பது விதியானது.

அந்த விதியை மலைப்பக்கம் கொண்டுபோனபோது அது தலைகீழாகிவிட்டது. ஓடைகளின் மேல் இருந்த காட்டை வெட்டியதும் காய்ச்சல் கூடியது. காரணம், அங்கே இருந்தது வேறு இனக் கொசு. அனோபிலிஸ் மாகுலேட்டஸ் தெளிந்த நீரில், வெயில் படும் ஓடையில் பெருகும். கீழே நல்லது செய்த வெயில் மேலே எமனாயிற்று. மலை ஓடை நீரைக் குழாய்களில் நிலத்தடியில் விடுவதும், நீரின்மேல் எண்ணெய் தெளிப்பதும் அதற்குப் பிறகு வந்த வழிகள். எந்த இனம் என்று தெரியாமல் கொசு ஒழிப்பில் இறங்காதே என்ற பாடத்தை வெப்பநாடுகள் கற்றது இங்கிருந்துதான். சமநிலத்தையும் மலையடிவாரத்தையும் ஒன்றாகக் கொண்ட வட சிலாங்கூர் போன்ற பகுதிக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை.

தோட்டங்கள் இதையெல்லாம் மனமுவந்து செய்தன என்று நினைக்க வேண்டாம். வாய்க்காலுக்கும் குழாய்க்கும் பணம் வேண்டும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்து, மருந்தாளரான டிரெசர் கையால் மலேரியா மருந்தான கொய்னா விழுங்கவைப்பது மலிவு. செத்த ஆளுக்குப் பதிலாக இன்னொரு ஆளைக் கப்பலேற்றிக் கொண்டுவருவதற்கும் செலவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே பல துரைகளின் கை பைக்குள் போயிற்று. வாட்சனுக்குப் பின்னாளில் சர் பட்டம் கிடைத்தது. வயிறு காட்டி நின்ற பிள்ளைகளில் ஒருவருடைய பெயரும் எந்த அறிக்கையிலும் இல்லை.

புழுங்கலரிசி சொன்ன சாட்சி

மலாயாவில் அந்நாளில் இன்னொரு எமன் பெரிபெரி. கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். தொற்றுநோய் என்று ஒரு கட்சி, சுரங்கக் குடிசையின் ஈரம் என்று ஒரு கட்சி. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் வேறு திசையில் பார்த்தார். அதே நாடு, அதே மழை, அதே கொசு, மோசமான லயம். ஆனால் தமிழர்களுக்குப் பெரிபெரி அநேகமாக வருவதே இல்லை. ஏன்?

தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, தீட்டி வெளுத்த பச்சரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போகாது. அந்தச் சத்துக்குப் பின்னாளில் வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. பிராடனுக்கு அது தெரியாது, வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு என்றே நினைத்தார். காரணத்தில் தவறினாலும் ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டார். நோய்ப்பரவலியலில் இது நடக்கும். ஸ்னோவும் காலராக் கிருமியைப் பார்த்ததில்லை.

சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பெரிபெரி பலரைக் கொண்டுபோயிருந்தது. 1905 டிசம்பரில் அவர் விடுதிக்காரர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் சொல்லவைத்தார். ஒற்றைப்படை எண்கள் ஒரு கூடத்துக்கு, அவர்களுக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்கள் எதிர்க் கூடத்துக்கு, அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. இரு பக்கமும் ஏறக்குறைய 120 பேர். நடுவில், கட்டடத்தில்தான் கோளாறோ என்ற சந்தேகம் தீர, இரு கூட்டத்தையும் இடம் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. 1906 முடியும்போது பச்சரிசிக் கூட்டத்தில் பெரிபெரியால் இறந்தவர்கள் 18 பேர். புழுங்கலரிசிக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை.

இன்று ஒரு புதிய மருந்தை அங்கீகரிக்கும் முன் செய்யும் சோதனையின் அடிப்படை இதில் இருக்கிறது. இன்று அப்படியே செய்தால் பிளெட்சரைச் சிறையில் போடுவார்கள் என்பதும் உண்மை. அந்த விடுதிக்காரர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 18 பேர் சாகும்வரை சோதனை நிற்கவில்லை. அறிவியல் வரலாற்றைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த வரியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

செம்பனைக்குள் இரண்டு காய்ச்சல்

மலாயாவில் செம்பனையை முதன்முதல் வணிகப் பயிராக வைத்தது கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917, தென்னமரம் தோட்டம், பத்தாங் பெர்ஜுந்தை அருகே; வைத்தவர் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகொனியே. பயிர் மாறியதும் நோயும் மாறியது. பழத்துக்கு எலி வந்தது, கன்றுகளின் இடையே லாலாங் புல்லும் புதரும் மண்டின. எலியின் மேல் வாழும் பூச்சி தரையிலும் புல்லிலும் காத்திருந்தது.

1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் அதே பிளெட்சர், லெஸ்லர் என்பவரோடு சேர்ந்து ஒரு விநோதக் காய்ச்சலைத் துரத்திக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் விடாத சுரம், உடம்பில் தடிப்பு. ஐரோப்பாவில் பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சலைப் போலவே இருந்தது. ஆனால் ஒரு பொருத்தமின்மை. ஐரோப்பிய டைபஸ் ஒரு வீட்டில் நுழைந்தால் குடும்பத்தையே வாரும், தாதியரையும் விடாது. இங்கே புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துவிட்ட மனைவிக்கு வரவில்லை, பிள்ளைக்கு வரவில்லை, ஆஸ்பத்திரி ஊழியருக்கும் வரவில்லை. மனிதனிடமிருந்து மனிதனுக்கு இது தாவவில்லை என்பதைச் சொன்னது அந்த வராதவர்கள்தான்.

பிறகு ஒரு விபத்து உதவியது. இந்தக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனைக்கு வேண்டிய நுண்ணுயிரை லண்டனிலிருந்து கிங்ஸ்பரி என்ற மருத்துவர் கொண்டுவந்திருந்தார். வழக்கமான வகை என்றே எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அது வேறு வகை. இரண்டையும் வைத்துச் சோதித்தபோது நோயாளிகள் தெளிவாக இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டத்தின் ரத்தம் பழைய வகைக்கு மட்டும் பதில் சொன்னது, மற்றதன் ரத்தம் கிங்ஸ்பரி வகைக்கு மட்டும். யார் இவர்கள் என்று தொழிலைக் கேட்டால், முதல் கூட்டம் பட்டணத்துக் கடைகளில் வேலை செய்பவர்கள். இரண்டாவது கூட்டம் புல்வெளியிலும் தோட்டத்திலும் திரிபவர்கள், குறிப்பாகச் செம்பனைத் தொழிலாளர்கள். கடைக்காரருக்கு எலித் தெள்ளு கொடுத்தது. தோட்டக்காரருக்குப் புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கொடுத்தது. மலாயாவின் தோட்டக் காய்ச்சலும் ஜப்பானியர் வெகுகாலமாக அறிந்திருந்த ஆற்றுப்படுகைக் காய்ச்சலும் ஒன்றே என்று லூத்வெய்ட், சவூர் இருவரும் 1940இல் நிறுவினார்கள். தமிழகத்தில் அண்மைக் காலமாகச் செய்திகளில் அடிபடும் உண்ணிக் காய்ச்சல் இதுதான்.

1948இல் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று கோலாலம்பூருக்கு வந்து இந்த நோயாளிகளுக்குக் குளோரம்பெனிக்கால் என்ற புது மருந்தைக் கொடுத்தது. காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கியது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்த ஒருவருக்குப் பிறகு பார்த்தால் டைபாய்டு, அவரும் தேறிவிட்டார். டைபாய்டுக்கு உலகின் முதல் மருந்து இப்படித்தான் கிடைத்தது.

கொசுவைத் துரத்திய மாதங்கள்

பழைய கதைதானே என்று ஒதுக்கிவிட முடியாதபடி 1998 வந்தது. செப்டம்பரில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அதைக் கொசு பரப்பும், பன்றியில் வளரும், பார்க்கப் பொருத்தம்தான். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பண்ணையாளர்கள் பன்றிகளைத் தெற்கே விற்கத் தொடங்க, நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டுக்கில் பெருந்தீயாக மூண்டது. சிலாங்கூரில் சிப்பாங்கையும் சுங்கை பூலோவையும் தொட்டது.

யாருக்கு வரவில்லை என்று ஆரம்பத்திலேயே அழுத்திக் கேட்டிருந்தால்? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முக்கியமாகக் குழந்தைகளைத் தாக்கும். இங்கே குழந்தைகள் அநேகமாகத் தப்பினார்கள், விழுந்தவர்கள் வேலை செய்யும் வயது ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பண்ணைச் சீனர்களும் அங்கே கூலிக்கு இருந்த இந்தியர்களும் விழுந்தார்கள். அதே வட்டாரத்தில் வாழ்ந்த மலாய்க்காரர்களுக்கு அநேகமாக வரவில்லை. கொசு மதம் பார்த்துக் கடிக்காது. பன்றியைத் தொட்டவருக்கு வந்தது, தொடாதவருக்குப் பெரும்பாலும் வரவில்லை. இதைச் சொன்னவர்கள் அன்றே இருந்தார்கள், கேட்கத்தான் காலம் பிடித்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா, வைரஸின் பெயர் நிப்பா. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்ட பிறகே நோய் அடங்கியது. மலேசியாவில் நோயுற்றவர்கள் 265, இறந்தவர்கள் 105. மூலம் பழந்தின்னி வௌவால். பன்றிக் கொட்டடியை ஒட்டிப் பழமரம் வைத்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்டதைப் பன்றி தின்றிருக்க வேண்டும்.

2002 முதல் மலேசியச் சுகாதார அமைச்சு இத்தகைய விசாரணைக்கென்றே மருத்துவர்களுக்குத் தனிப் பயிற்சி தருகிறது.

பாயசமா, சாம்பாரா?

வைரஸும் வௌவாலும் வேண்டாம், நம் வீட்டு வாசலுக்கு வருவோம். ஒரு கோயில் திருவிழா அன்னதானம் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் கணக்கு. 100 பேர் சாப்பிட்டார்கள், 49 பேருக்கு வயிற்றுப்போக்கு. விசாரணையாளர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த 49 பேரை மட்டும் கேட்கிறார். 49 பேரும் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். பாயசம் குடித்தவர்கள் 45 பேர். பார்த்தவுடன் சாம்பார்மேல் பழி விழும். சமையல்காரரைத் திட்டுவார்கள்.

இப்போது நோய் வராத 51 பேரையும் கேளுங்கள். அவர்களும் எல்லாருமே சாம்பார் சாப்பிட்டவர்கள். பாயசம் குடித்தவர்கள் அவர்களில் 15 பேர்தான். ஆக, பாயசம் குடித்த 60 பேரில் 45 பேருக்கு நோய், அதாவது நூற்றுக்கு 75. குடிக்காத 40 பேரில் நாலு பேருக்கு, நூற்றுக்கு 10. குற்றவாளி பாயசம். குடிக்காத நாலு பேர் எப்படி விழுந்தார்கள்? ஒருவர் மறந்திருப்பார், ஒருவர் குழந்தையின் டம்ளரில் மிச்சத்தைக் குடித்திருப்பார். நிஜக் கணக்கு எப்போதும் இப்படிச் சற்றுக் கோணலாகத்தான் இருக்கும்; நேராக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நேரமும் சாட்சி சொல்லும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், சமைத்தவர் கையிலிருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் உணவில் விட்ட நஞ்சு. எட்டு முதல் பதினாறு மணி நேரத்தில் வயிற்று வலியும் போக்கும் என்றால், பெரிய அண்டாவில் மெல்ல ஆறிய குழம்பில் பெருகும் வேறொரு கிருமி. காய்ச்சலோடு மறுநாள் வந்தால் சால்மொனெல்லா. அதனால்தான் அதிகாரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டு உயிரை எடுக்கிறார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்த பிறகு மாகுலேட்டஸின் இடத்தை ஏடிஸ் கொசு பிடித்துக்கொண்டது. 2019இல் நாட்டில் டெங்கி கண்டவர்கள் 130,101 பேர், இறந்தவர்கள் 182 பேர். அதில் பாதிக்கு மேல் நோயாளிகள் சிலாங்கூர்க்காரர்கள். டெங்கி, காலரா, உணவு நஞ்சாதல் போன்றவற்றை மருத்துவர் கண்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். முகவரி வரைபடத்தில் ஏறுகிறது, ஆள் வருகிறார், தொட்டியைத் திறந்து பார்க்கிறார். நம்மவர்களில் சிலர் அந்த ஆளைக் கண்டதும் கேட்டைப் பூட்டிக்கொள்கிறார்கள். அபராதம் போடுவார்களோ என்ற பயம் புரிகிறது. பூட்டிய வீட்டின் பூந்தொட்டியில் வளரும் கொசு அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும் என்பதும் அவர்களுக்குப் புரிய வேண்டும்.

அன்னதானத்துக்குப் பிறகோ கல்யாண விருந்துக்குப் பிறகோ சுகாதார அலுவலகத்திலிருந்து போன் வந்தால், "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடாதீர்கள். உங்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். என்ன சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிடவில்லை, எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லுங்கள். கோயில் கமிட்டிக்குக் கெட்ட பெயர் வருமே என்று பாயசத்தை மறைக்காதீர்கள்.